புதுக் கேமராவை எந்த வரிசையில் பழகுவது?

தூத்துக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "நிகான் இசட்50 கேமராவை 16-50, 50-250 என்ற இரண்டு லென்ஸ்களோடு வாங்கினேன். ஆட்டோவைத் தாண்டிப் போகப் பயமாக இருக்கிறது. மெனுவைத் திறந்தால் முடிவே தெரியவில்லை. இவ்வளவு செலவு செய்ததற்குக் கைபேசிப் படமே மேல் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். இன்னும் ஆறு மாதத்தில் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம். அதற்குள் எதை, எந்த வரிசையில் கற்றுக்கொள்வது? வேறு லென்ஸும் வாங்க வேண்டுமா?"

முதலில் வீட்டாருக்குப் பதில் சொல்லிவிடுவோம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. இன்றைய கைபேசி பெரும்பாலும் ஒரே ஒரு படம் எடுப்பதில்லை. திரையைத் தொட்ட கணத்தில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றைச் சேர்த்து, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, முகத்தைத் துலக்கி, சமைத்த சாப்பாடாகவே கையில் கொடுத்துவிடுகிறது. உங்கள் கேமரா ஒரே படத்தை எடுத்து, அதிகம் ஒப்பனை செய்யாமல் வைக்கிறது. நல்ல வெளிச்சத்தில், இரண்டடி தூரத்தில் நிற்கும் ஒருவரை இரண்டிலும் எடுத்துப் பார்த்தால் கைபேசி ஜெயிப்பதில் வியப்பில்லை. ஆனால் உங்கள் கேமராவின் சென்சார் 23.5 மி.மீ அகலமும் 15.7 மி.மீ உயரமும் கொண்டது. கைபேசியில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. தூரம், வேகம், குறைந்த வெளிச்சம் மூன்றும் ஒன்றாக வரும் இடத்தில்தான் அதன் அருமை தெரியும். நாட்டிய மேடை அப்படிப்பட்ட இடம்.

மெனுவின் நீளத்தைக் கண்டு மிரள வேண்டாம். எந்தக் கேமராவானாலும் அடிப்படையில் எடுக்கும் முடிவுகள் நான்குதான். ஒளி நுழையும் துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அதுதான் அபர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், அது ஷட்டர் வேகம். கிடைத்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும், அது ஐஎஸ்ஓ. எந்த இடம் தெளிவாக இருக்க வேண்டும், அது ஃபோகஸ். மற்றவற்றில் பெரும்பகுதி இந்த நான்கையும் உங்கள் சார்பில் எடுப்பதற்காக ஒவ்வொரு காலத்தில் வந்து சேர்ந்தது. ஷட்டர் வேகத்தை மட்டும் நீங்கள் சொன்னால் துளையைத் தானே பார்த்துக்கொள்ளும் கேனான் ஏஇ-1 வந்தது 1976இல். இரண்டையும் தானே முடிவுசெய்யும் புரோகிராம் முறையோடு கேனான் ஏ-1 வந்தது 1978இல். காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒளியை அளக்கும் முறை நிகான் எஃப்ஏ மூலம் 1983இல் வந்தது. ஃபோகஸ் மோட்டாரை உடலுக்குள்ளேயே வைத்த மினோல்டா 7000 வந்தது 1985இல். உங்கள் கையில் இருப்பது இந்த எல்லா அடுக்குகளும் படிந்த பெட்டி.

ஆட்டோ என்றால் நான்கு முடிவுகளையும் கேமராவிடமே விட்டுவிடுவது. எம் என்றால் அநேகமாக எல்லாவற்றையும் நீங்களே சுமப்பது. "எம் தெரியாதவன் புகைப்படக்காரனே அல்ல" என்று முழங்குபவர்களை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். நான் அந்தக் கட்சி அல்ல. ஒரு நேரத்தில் ஒரே ஒரு முடிவைக் கேமராவிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்; அது கைக்குப் பழகிய பிறகு அடுத்ததை வாங்குங்கள். நான் சொல்லும் வரிசையின் அடிப்படை அவ்வளவுதான்.

அதற்கு முன் சில சில்லறை வேலைகள் உண்டு. ஒரு மாலையில் முடித்துவிடலாம். வியூஃபைண்டரின் பக்கத்தில் சின்னத் திருகு இருக்கும். கண்ணாடி போடுபவராக இருந்தால் உள்ளே தெரியும் எழுத்துகள் கூர்மையாகும் வரை அதைத் திருப்புங்கள். கேமரா மங்கலாக எடுக்கிறது என்று புகார் சொல்பவர்களில் சிலருக்கு உண்மையான குறை இந்தத் திருகில்தான் இருக்கும். தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். படத்தின் தரத்தை 'ரா + ஜேபெக்' என்று வையுங்கள். ஜேபெக்கை வீட்டாருக்கு உடனே அனுப்பலாம், சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு பின்னால் உங்களைக் காப்பாற்றும். ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. மிதமிஞ்சிய சிவப்பு விளக்கில் எடுத்த படத்தைத் திருத்தும்போது இந்த வேறுபாடு தெரியும். ரா கோப்பைத் திறக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை, நிகானின் என்எக்ஸ் ஸ்டூடியோ இலவசம். மெமரி கார்டை எப்போதும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கணினியில் வேண்டாம். மோட் டயலில் எஸ்சிஎன், ஈஎஃப்சிடி என்று இரண்டு இருக்கும். இப்போதைக்கு அவை இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி டயலை ஏ-யில் வையுங்கள். அபர்ச்சரை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ அமைப்பில் ஆட்டோ ஐஎஸ்ஓவை இயக்கி, உச்சவரம்பை 6400 என்று கொடுங்கள். வீட்டில், தெருவில், கடற்கரையில் முதல் மாதம் முழுவதும் இதிலேயே இருங்கள். அனுபவசாலிகள் பலர் வேலையின் பெரும்பகுதியை ஏ-யிலேயே முடிக்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை.

அபர்ச்சரைக் குறிக்கும் எஃப் எண் சிறியதாக இருந்தால் பின்னணி மங்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். அதை நம்பி 16 மி.மீ கோணத்தில் எஃப் 3.5 வைத்து எடுத்தால் பின்னால் இருக்கும் காலண்டர் வரை பளிச்சென்று தெரியும், உங்களுக்குக் குழப்பம் வரும். எஃப் எண் ஒரு விகிதம். லென்ஸின் மி.மீ அளவை அதனால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 16ஐ 3.5ஆல் வகுத்தால் நாலரை மி.மீ சொச்சம். அதே லென்ஸை 50க்கு நீட்டினால் எஃப் 6.3தான் கிடைக்கும், விட்டம் 8 மி.மீ. உங்கள் பெரிய லென்ஸை 250க்கு நீட்டினாலும் அதே எஃப் 6.3, ஆனால் விட்டம் கிட்டத்தட்ட 40 மி.மீ. ஒரு முகத்தைச் சட்டத்தில் ஒரே அளவாக வைத்து எடுத்தால், தூரத்துப் பின்னணியைக் கரைப்பது இந்த விட்டம்தான். ஆகவே பின்னணி மங்க வேண்டுமென்றால் உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. 50-250ஐ மாட்டி, மகளை மொட்டைமாடியின் ஒரு மூலையில் நிறுத்தி, நீங்கள் மறு மூலைக்குப் போய் முழுதாக நீட்டி எடுங்கள். கைபேசியின் செயற்கை மங்கலில் முடியின் ஓரம் அடிக்கடி பிசிறு தட்டும். இதில் அது இருக்காது. அன்றோடு வீட்டுக் கேலி நின்றுவிடும் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவதாக, வெளிச்சத்தைத் திருத்தும் பொத்தான். ஷட்டர் பொத்தானுக்கு அருகே கூட்டல் கழித்தல் குறி போட்டு இருப்பது அதுதான். புதிதாகக் கேமரா வாங்குபவர் ஒரே ஒரு பொத்தானைத்தான் கற்றுக்கொள்வேன் என்று அடம்பிடித்தால், நான் இதைத்தான் காட்டுவேன். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டருக்கு உலகம் நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கும், கருப்பைக் கண்டால் வெளிச்சம் போதாதென்று வெளுக்கவைக்கும். உங்கள் ஊரில் இதைப் பயில உப்பளங்களைவிட நல்ல இடம் கிடையாது. உப்புக் குவியலைச் சட்டம் நிறைய வைத்து எடுங்கள், அழுக்குச் சாம்பலாக வரும். அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு பின் டயலைச் சுழற்றி +1, +1.3 என்று ஏற்றுங்கள், உப்பு உப்பாகும். பிறகு எண்ணெய் ஏறிய கருங்கல் பிள்ளையாரை எடுங்கள், அவர் சாம்பல் பூசியவராக வருவார். -1க்கு இறக்கினால் கல்லின் நிறம் திரும்பும். வெள்ளைச் சுவரின் முன் நிற்கும் மாநிற முகம் கறுத்துப்போவதும் இதே காரணத்தால்தான், அங்கே +0.7 போதும். வியூஃபைண்டரிலேயே மாற்றம் தெரியும் என்பதால் உங்களுடையது போன்ற கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராவில் இதைக் கற்பது உள்ளே கண்ணாடி வைத்த பழைய எஸ்எல்ஆரைவிடப் பல மடங்கு எளிது. படத்தைத் திரும்பப் பார்க்கும் அமைப்பில் ஹைலைட்ஸ் என்பதையும் இயக்கிவையுங்கள். வெளுத்துப்போய் விவரம் தொலைந்த இடங்கள் மின்னி மின்னிக் காட்டும்.

மூன்றாவது, ஃபோகஸ். இங்கே இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளாமல் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எப்போது ஃபோகஸ் செய்வது என்பது ஒன்று. ஏஎஃப்-எஸ் என்றால் பொத்தானைப் பாதி அழுத்தியதும் ஒருமுறை பூட்டிக்கொள்ளும், அசையாத பொருளுக்கு அதுவே சரி. ஏஎஃப்-சி என்றால் பாதி அழுத்திய நிலையில் பொருளைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும், குழந்தைக்கும் நாய்க்கும் நடனத்துக்கும் அது. எங்கே ஃபோகஸ் செய்வது என்பது மற்றொன்று. ஆட்டோ-ஏரியா முகத்தையும் கண்ணையும் தானே தேடும். ஒருவர் மட்டும் சட்டத்தில் இருக்கும்போது அதை முழுதாக நம்பலாம். மேடையில் நம்ப முடியாது. ஓரத்தில் நட்டுவனார் அமர்ந்திருப்பார், பாடகர் இருப்பார், மிருதங்கக்காரர் இருப்பார். நாட்டியமாடும் பெண் முகத்தைத் திருப்பிய நொடியில் கேமரா பாடகரின் கண்ணுக்குத் தாவிவிடும். அங்கே சிறிய வைட்-ஏரியா கட்டத்தை வைத்து, அதை அம்புப் பொத்தானால் நகர்த்தி, ஆடுபவரின் மேல் நிறுத்துங்கள். இதை இப்போதே பழகுங்கள். தெருவில் போகும் ஸ்கூட்டர்களை ஏஎஃப்-சியில் எடுத்துப் பாருங்கள். தெளிவில்லாமல் வருபவை போகப்போகக் குறையும்.

நான்காவதாக ஷட்டர் வேகம். இதற்கான பயிற்சிக்கூடம் உங்கள் தலைக்கு மேலேயே சுழல்கிறது. டயலை எஸ்ஸில், அதாவது ஷட்டர் வேகத்தை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தில், வைத்து மின்விசிறியை 1/30இல் எடுங்கள், இறக்கைகள் கரைந்து வட்டமாகும். 1/250இல் இறக்கை உருவம் தெரியத் தொடங்கும். 1/1000இல் உறைந்துவிட்டது போலிருக்கும். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் நுனி இன்னும் கொஞ்சம் இழுபட்டிருக்கும். கணக்கு எளிது: 1200 மி.மீ விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் இறக்கை நுனி நொடிக்கு ஏறக்குறைய 19 மீட்டர் ஓடுகிறது, ஆயிரத்தில் ஒரு நொடியிலும் அது கிட்டத்தட்ட 2 செ.மீ நகர்ந்துவிடும். இந்தப் பயிற்சியில் இன்னொன்றும் புரியும். லென்ஸில் இருக்கும் விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், எதிரே நகர்பவரை அது நிறுத்தாது. விஆர் இருக்கிறதே என்று நடனத்தை 1/60இல் எடுத்தால் பின்திரை தெளிவாகவும் நாட்டியம் ஆவியாகவும் வரும்.

இனி மேடை. நீங்கள் இதுவரை கற்ற நான்கும் இங்கே ஒன்றுசேரும். ஏ-யிலேயே இருங்கள், எஃப் எண்ணை லென்ஸ் அனுமதிக்கும் மிகச் சிறியதில் வையுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ அமைப்பில் 'குறைந்தபட்ச ஷட்டர் வேகம்' என்ற வரி இருக்கும், அதை 1/500 ஆக்குங்கள். உச்சவரம்பை 12800க்கு ஏற்றுங்கள். இப்போது கேமரா 1/500ஐக் காப்பாற்ற ஐஎஸ்ஓவைத் தானே ஏற்றி இறக்கும். ஒரு எச்சரிக்கை: உச்சவரம்பைத் தொட்டும் ஒளி போதாவிட்டால், நிகான் சொல்லாமல் கொள்ளாமல் ஷட்டரை மெதுவாக்கிவிடும். ஆகவே வியூஃபைண்டரின் அடியில் வரும் எண்ணில் ஒரு கண் வையுங்கள். 12800இல் புள்ளி புள்ளியாகத் தெரியுமே என்று தயங்காதீர்கள். புள்ளிகளைப் பிறகு மென்பொருளால் பெருமளவு குறைக்கலாம், இழுபட்ட கையை எந்த மென்பொருளும் உருப்படியாக மீட்டுத் தராது.

நாட்டியம் தெரிந்த வீட்டில் இருப்பவர் என்பதால் உங்களிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது, கூலிக்கு வரும் புகைப்படக்காரர் பலரிடம் அது இல்லை. அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணத்தின் ஜதிகள், தில்லானா என்று கால்கள் பாயும் இடங்களில் 1/500 வேண்டும், குதிப்பு வந்தால் அதற்கும் மேல். பதத்திலும் வர்ணத்தின் அபிநயப் பகுதிகளிலும் 1/200 தாராளம். அங்கே ஐஎஸ்ஓ பாதிக்கும் கீழே இறங்கிப் படம் வழுவழுப்பாகும். ஜதி ஒரு தீர்மானத்தில், அதாவது முத்தாய்ப்பில், முடியும்போது உடல் ஒரு கணம் நிலைகொண்டு நிற்கும். தாளம் மனத்தில் ஓடுபவருக்கு அந்தக் கணம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். நொடிக்கு 11 படம் எடுக்கும் வசதி உங்கள் கேமராவில் உண்டு. அதை நம்பிப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதைவிட, மகள் வீட்டில் பயிற்சி செய்யும்போது நட்டுவாங்கத்தோடு சேர்ந்து ஒவ்வொரு படமாக எடுத்துப் பழகுங்கள். 1/500, 1/200 என்ற இரண்டு அமைப்புகளையும் செட்டப் மெனு வழியாக யூ1, யூ2 என்ற இடங்களில் சேமித்துவிட்டால், ஜதிக்கு யூ1, அபிநயத்துக்கு யூ2 என்று டயலை ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

ஒளியை அளக்கும் முறைகளில் ஹைலைட்-வெயிட்டட் என்று ஒன்று உண்டு. இருண்ட மேடையில் விளக்கு ஒருவர் மேல் மட்டும் விழும் சூழலுக்கென்றே அமைந்தது அது. வழக்கமான மேட்ரிக்ஸ் முறை கருப்புப் பின்திரையைப் பார்த்து ஏமாந்து முகத்தையும் நெற்றிச்சுட்டியையும் வெளுக்கவைக்கும், இது அவற்றைக் காப்பாற்றும். முகம் கொஞ்சம் இருண்டு வந்தால் ராவில் தூக்கிக்கொள்ளலாம். வண்ணத்தை நேர்செய்யும் வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால் விளக்கின் நிறம் மாறும்போதெல்லாம் அது எதிர்த்து மல்லுக்கட்டும், ஒரே பட்டுச்சேலை படத்துக்குப் படம் நிறம் மாறும். ஒரு நிலையான அமைப்பில் வைத்துவிட்டுப் பிறகு மொத்தமாகத் திருத்துங்கள்.

சபையில் ஃபிளாஷ் கூடவே கூடாது, இதை நீங்களே அறிவீர்கள். பலர் மறப்பது இன்னொன்றை: இருட்டில் ஃபோகஸுக்கு உதவக் கேமராவின் முகப்பிலிருந்து ஒரு சின்ன விளக்கு பாயும். அது ஆடுபவரின் கண்ணில் நேராகக் குத்தும். மெனுவில் ஏஎஃப்-அசிஸ்ட் விளக்கை அணைத்துவிடுங்கள். கேமராவின் பின்பக்கத் திரையையும் அணைத்து வியூஃபைண்டர் வழியாக மட்டும் பாருங்கள், பின்வரிசைக்காரர்கள் வாழ்த்துவார்கள். சத்தமில்லாமல் எடுக்கும் சைலன்ட் முறை ஆசைகாட்டும். ஆனால் அது மின்னணு ஷட்டர். சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால், வீசிய கை வளைந்து வரலாம், எல்ஈடி விளக்கின் கீழ் படம் முழுக்கக் கோடு கோடாகப் பட்டைகள் விழலாம். அந்த மண்டபத்து விளக்கில் ஒத்திகையின்போதே சோதித்துப் பார்க்காமல் அதைத் தொட வேண்டாம். ஒரு பேட்டரிக்கு நிறுவனம் சொல்லும் கணக்கே சுமார் 300 படங்கள்தான், இரண்டாவது பேட்டரி ஒன்று அவசியம்.

லென்ஸ் கேள்விக்கு வருகிறேன். ஐந்து மாதம் இருப்பதை வைத்தே பழகுங்கள், அதற்குள் எது போதவில்லை என்று உங்கள் படங்களே சொல்லிவிடும். அதன் பிறகும் வாங்கத் தோன்றினால் பெரிய ஜூம் வேண்டாம், நிகானின் 40 மி.மீ எஃப் 2 ஒன்று போதும். 2021இல் வந்தது, நிகானின் இந்த வரிசை லென்ஸ்களில் விலை குறைந்தவற்றுள் அதுவும் ஒன்று. உங்கள் 16-50ஐ 50இல் வைத்தால் கிடைக்கும் எஃப் 6.3ஐவிட அது ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். 12800 கேட்ட இடத்தில் 1250 ஐஎஸ்ஓவில் காரியம் முடியும். அதில் விஆர் கிடையாது, உங்கள் கேமராவின் உடலிலும் நடுக்கத்தைத் தாங்கும் வசதி இல்லை. 1/500இல் எடுக்கும்போது அது ஒரு பொருட்டே அல்ல. முன்வரிசைக்கு அருகே உட்கார இடம் கிடைத்தால் மட்டுமே அது பயன்படும். பின்னால் என்றால் 50-250தான் கதி.

லென்ஸ் எதுவாக இருந்தாலும், கடலோர ஊரில் அதற்கு முதல் எதிரி பூஞ்சை. கேமராவை அது வந்த பையிலேயே பூட்டி அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அதிகச் செலவில்லாத சமாச்சாரம். ஈரப்பதமானி ஒன்று போட்டு 40-50 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்க வேண்டாம், லென்ஸில் வியர்த்துவிடும். சற்று நேரம் விடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரங்கேற்ற நாளன்று மேடைப் படங்களுக்கு ஒரு புகைப்படக்காரரை அமர்த்திவிடுங்கள். அன்று உங்களை நாலாபக்கமும் கூப்பிடுவார்கள். குருவுக்கு மரியாதை, விருந்தினர் வரவேற்பு, உடை மாற்றம் எல்லாம் தாயின் தலையில்தான் விழும், ஒரு கண்ணை வியூஃபைண்டரில் வைத்துக்கொண்டு அவற்றைச் செய்ய முடியாது. உங்கள் கேமராவுக்கு உரியவை சலங்கை பூஜையும், முழு உடையோடு நடக்கும் ஒத்திகையும், ஒப்பனை அறையும். ஒத்திகையில் மேடைக்கு எவ்வளவு அருகிலும் போகலாம், விளக்கு அமைப்பவரிடம் கேட்டு ஒரே நிறத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தியும் எடுக்கலாம். ஒப்பனை அறையில் கண்ணாடியைச் சுற்றிய மஞ்சள் விளக்கும் கூரையின் வெள்ளை விளக்கும் கலந்து முகத்தில் இரண்டு நிறம் அடிக்கும். இரண்டில் ஒன்றை அணைக்கச் சொல்லுங்கள். 40 மி.மீ இருந்தால் அதை மாட்டி ஏ-யில் எஃப் 2.8, குறைந்தபட்ச ஷட்டர் 1/125, ஃபோகஸ் ஆட்டோ-ஏரியாவில் கண்ணைத் தேடும்படி. அது இல்லையென்றால் 16-50ஐ 16-24 மி.மீ பக்கமாகவே வைத்துக்கொண்டு நெருங்கிப் போங்கள், அந்தப் பக்கத்தில்தான் அதன் துளை பெரிதாகத் திறக்கும்.